மலை ஏறப் போகும் முதல் கேமரா

பயணப் படங்கள் எடுக்க முதல் டிஎஸ்எல்ஆர் வாங்க நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது, கடைக்குப் போவதற்கு முன் சிங்கவரம் போய் வாருங்கள் என்பதுதான். கையில் இருக்கும் போன் போதும். திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் செஞ்சியில் இறங்கி வடக்கே சில கிலோமீட்டர் போனால் ஊர் வந்துவிடும். குன்றின் மேல், பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பக்கத்தில் திருநாதர்குன்று. சற்றுத் தள்ளி, பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரி. திரும்பி வந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம். பயணத்தில் படம் எடுப்பவருக்கு வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தச் சின்ன வட்டாரத்துக்குள்ளேயே வந்துவிடும்: குகையின் இருட்டு, பாறையில் பட்டுத் தெறிக்கும் வெயில், ஆழம் குறைந்த புடைப்புச் சிற்பம், ஒரு படத்துக்குள் அடங்காத நிலப்பரப்பு, மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். போனில் எடுத்துக்கொண்டே நடங்கள். எந்த இடத்தில் போன் கைவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமரா கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தக் குறிப்பில்தான் இருக்கின்றன.

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மெகாபிக்சலை ஒப்பிட்டு, தள்ளுபடியைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகுதான் எங்கே போகலாம் என்று யோசிக்கிறார்கள். மெகாபிக்சல் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். 24 மெகாபிக்சல் என்றால் ஆறாயிரத்துக்கு நாலாயிரம் புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நல்ல தரத்தில் அச்சிட்டாலும் இருபது அங்குல அகலப் படம் கிடைக்கும். 2012இல் வந்த நிக்கான் டி3200இலேயே இந்த அளவு இருந்தது. ஆகவே பத்து வருடப் பழைய பாடி என்றாலும் இந்தக் கணக்கில் குறை இல்லை.

இந்தக் காலத்தில் டிஎஸ்எல்ஆர் வாங்குவது சரியா என்ற கேள்வியும் நியாயமானதே. புதிய டிஎஸ்எல்ஆர்கள் வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. நிக்கான் டி3500, டி5600 இரண்டின் தயாரிப்பும் நிறுத்தப்பட்டுவிட்டது. 1டிஎக்ஸ் மார்க் 3தான் தங்கள் கடைசி உயர்நிலை டிஎஸ்எல்ஆர் என்று கேனான் தலைவர் 2021 கடைசியிலேயே சொல்லிவிட்டார். நிறுவனங்களின் முழுக் கவனமும் இப்போது மிரர்லெஸ் மீது. வீடியோதான் உங்களுக்கு முக்கியம் என்றால் நீங்களும் மிரர்லெஸ் பக்கம் போவதே நல்லது, தயங்க வேண்டாம். ஆனால் நிழற்படம்தான் நோக்கம், கையில் இருக்கும் பணமும் குறைவு என்றால், இன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் டிஎஸ்எல்ஆர் போல் லாபமான பொருள் வேறு இல்லை. மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் நல்ல பாடியையும் லென்ஸையும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விலை மட்டும் காரணம் அல்ல. மே மாதம் ராஜகிரிப் படியில் நின்று போன் திரையைப் பாருங்கள்; உங்கள் முகம்தான் தெரியும். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் வெயிலின் தொந்தரவு இல்லாமல் காட்சி நேரடியாகத் தெரியும். பேட்டரியும் அப்படித்தான். டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது தரச் சோதனைக் கணக்கு. கேனான் 200டி மார்க் 2க்கு, வியூஃபைண்டர் வழியாக எடுத்தால், 1,070. மலை மேல் பிளக் பாயிண்ட் தேட வேண்டியதில்லை.

இனி, அந்தக் குறிப்பைக் கையில் எடுப்போம்.

திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக அமர்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்கான கல்வெட்டும் இந்தக் குன்றில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்து வரலாறு படிக்கிறவர்கள் தேடி வரும் கல்வெட்டு அது. இந்தச் சிற்பங்கள் பாறையிலிருந்து அதிகம் எழும்பி நிற்பவை அல்ல. அவற்றின் உருவம் கண்ணுக்குத் தெரிவதே ஓரங்களில் விழும் மெல்லிய நிழலால்தான். நேர் வெயிலில் எடுத்தால் பாறையும் சிற்பமும் ஒன்றாகிவிடும். போன் இங்கே இன்னொரு வழியிலும் கெடுக்கிறது: நிழலை எல்லாம் தானாகவே வெளுப்பாக்கி, எல்லா இடத்தையும் ஒரே வெளிச்சமாக்கிக் கொடுக்கிறது. விருந்துப் படத்துக்கு அது உதவும்; புடைப்புச் சிற்பத்துக்கு அதுவே பகை.

டிஎஸ்எல்ஆரின் உண்மையான பயன் இந்த இடத்தில் தெரியும். நிழல் எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். ரா ஃபைலில் எடுங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், அபர்ச்சரை எஃப்/8இல் வையுங்கள். எந்த ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரும், அதோடு வரும் 18–55 கிட் லென்ஸும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். தேவைப்படுவது பாறையைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் வரும் வெயில். அது எந்த மணிக்கு வருகிறதோ அதுவரை காத்திருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டின் மேல் சுண்ணாம்புப் பொடி தடவுவது, எண்ணெய் பூசுவது, தண்ணீர் ஊற்றுவது எதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயிரத்தைந்நூறு வருடம் தாங்கிய எழுத்துக்கு நம் ஒரு படத்துக்காகச் சேதம் வரக் கூடாது.

அடுத்தது சிங்கவரத்துக் குடைவரை. கேமரா வாங்குகிறவர்களுக்கு ஊரெல்லாம் சொல்லும் ஓர் ஆலோசனையை நான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. “இருட்டில் எடுக்கணுமா, 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கிடுங்க” என்பார்கள். விலை குறைவு, படம் அழகு, எல்லாம் உண்மை. ஆனால் குடைவரைக்கும் கோயில் மண்டபத்துக்கும் அது பொருந்தாத லென்ஸ். கேனானின் சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் பழைய ஃபிலிம் கணக்கில் 80 மி.மீ. போல ஆகிவிடும். குறுகிய முன்மண்டபத்தில் துவாரபாலகரை முழுசாகச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பின்னால் நகர்ந்தால் முதுகு தூணில் முட்டும்.

வெளிச்சக் கணக்கையும் பார்த்துவிடுவோம். எஃப்/1.8 திறப்பு, கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில் உள்ள எஃப்/3.5 திறப்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். ஆனால் கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8இல் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு கிடையாது. கை நடுங்காமல் எடுக்க, ஷட்டரை நொடியில் எண்பதில் ஒரு பங்காவது வைக்க வேண்டும். சமன்செய்யும் வசதியுள்ள கிட் லென்ஸை 18 மி.மீ.இல் வைத்து, மூச்சை அடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் எட்டில் ஒரு நொடியிலும் தெளிவாக எடுக்கலாம். அது பத்து மடங்கு அதிக நேரம். நான்கை இழந்து பத்தைப் பெறுகிறோம். கல் அசையாது அல்லவா? அதனால்தான் இந்தக் கணக்கு செல்லுபடியாகிறது. எஃப்/1.8இல் துவாரபாலகரின் மூக்கு தெளிவாக இருந்து தோள் மங்கும் தொல்லையும் இதில் இல்லை. அசைகிற மனிதர்களை, பண்டிகை இரவில் விளக்கொளியில் நிற்கும் முகங்களை எடுக்கத்தான் அந்த 50 மி.மீ. தேவை. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எனவே கிட் லென்ஸ் வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேனான் என்றால் லென்ஸின் பெயரில் ஐஎஸ் என்ற எழுத்துகளும், நிக்கான் என்றால் விஆர் என்ற எழுத்துகளும் இருக்க வேண்டும். இந்த வசதி இல்லாத 18–55 லென்ஸ்களும் சந்தையில் சுற்றுகின்றன. சில நூறு ரூபாய் மிச்சம் என்று அவற்றைக் கட்டிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள்.

கருவறைக்குள் பள்ளிகொண்ட பெருமாளைப் படம் எடுக்க அனுமதி இல்லை. அதற்கென்று விலை உயர்ந்த லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ராஜா தேசிங்கு 1714இல் போருக்குப் புறப்படும் முன் இந்த அரங்கநாதரிடம்தான் உத்தரவு கேட்டார், பெருமாள் சம்மதிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இந்த வட்டாரத்துக் கதை. அந்தத் திருமுகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மற்ற இடங்களிலும் பட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கேமராவை எடுப்பதே முறை. எங்கேயும் ஃபிளாஷ் வேண்டாம். அது நிழலைக் கொன்று, தூணைச் சுவரொட்டி போலத் தட்டையாக்கிவிடும்.

இனி எடை. ராஜகிரி ஏறக்குறைய எண்ணூறு அடி உயரம். தண்ணீர்ப் பாட்டிலே ஒரு கிலோ, இரண்டு கிலோ ஆகிவிடும். கேமராவும் கனத்தால் பாதி மலையில் அது பைக்குள் போய்விடும். பைக்குள் இருக்கும் கேமரா படம் எடுப்பதில்லை. டி3500 பேட்டரி, கார்டோடு 415 கிராம். அதன் 18–55 விஆர் லென்ஸ் 205 கிராம். மொத்தம் 620. இதே இடத்தில் ஃபுல்ஃபிரேம் கேனான் 6டியும் 24–105 லென்ஸும் என்றால் 1,400 கிராமைத் தாண்டும். முதல் கேமராவே ஃபுல்ஃபிரேமாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கல்யாண மஹாலில் நின்று ராஜகிரி உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்த மஹாலையும் நெற்களஞ்சியத்தையும் யானைக்குளத்தையும் சுற்றுவதற்குள்ளேயே தோள் பேசத் தொடங்கும். பாடி, லென்ஸ் இரண்டும் சேர்ந்து 700 கிராமுக்குள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் வரம்பு.

அந்த வரம்புக்குள் எதை வாங்குவது? என் முதல் தேர்வு கேனான் 200டி மார்க் 2. 449 கிராம்தான். திரையை வெளியே மடித்துத் திருப்பலாம். மண்டபக் கூரையை எடுக்கத் தரையில் படுக்க வேண்டியதில்லை. திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும். நிக்கான் பக்கம் டி5600 இதற்கு இணை. அதிலும் திரை மடியும். பணம் இன்னும் குறைவு என்றால் டி3500. திரை அசையாது, ஆனால் படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேனான் 1500டி கடைகளில் அதிகம் கிடைப்பது. ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள்தான், சென்சார் தூசியைத் தானே உதறும் வசதியும் இல்லை. செம்மண் புழுதியில் லென்ஸ் மாற்றுகிறவர்களுக்கு அது பெரிய குறை. ஒரே லென்ஸோடு இருக்கப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். 3000டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லென்ஸ் பொருந்தும் வளையமே பிளாஸ்டிக். விலையைக் குறைக்க வெட்ட வேண்டியதை எல்லாம் வெட்டியிருக்கிறார்கள்.

நிக்கானில் ஒரு நுணுக்கம் உண்டு. டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸ்களே இவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருக வேண்டும். ஏஎஃப்-பி லென்ஸோ டி3200 போன்ற பழைய பாடிகளில் வேலை செய்யாது. கேனானில் இந்தத் தலைவலி இல்லை. இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பின்னாளில் கேனான் மிரர்லெஸ் வாங்கினாலும் ஓர் அடாப்டர் போட்டு அதே லென்ஸ்களைத் தொடரலாம். நான் கேனானைச் சற்று முன்னே வைப்பதற்கு இதுவே காரணம். ஆனால் வீட்டிலோ நண்பர்களிடமோ நிக்கான் லென்ஸ்கள் இருந்தால் நீங்களும் நிக்கானே வாங்குங்கள். கடன் வாங்க ஆள் இருப்பது எந்த வசதியையும்விடப் பெரிது.

பட்ஜெட்டில் பாதிக்கு மேல் பாடிக்குப் போக விடாதீர்கள். மீதி லென்ஸுக்கும், இரண்டாவது பேட்டரிக்கும், இரண்டு மெமரி கார்டுக்கும், முக்கியமாகப் பயணத்துக்கும் வேண்டும்.

இரண்டாவது லென்ஸை முதல் நாளே வாங்க வேண்டாம். இரட்டை லென்ஸ் கிட் என்று ஒரு பெட்டியில் போட்டு விற்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சில மாதம் 18–55 மட்டும் வைத்து எடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் உங்கள் படங்களின் விவரத்தைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.இல் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலானவை 18இல் குவிந்திருந்தால் நீங்கள் அகலத்துக்கு ஏங்குகிறவர். கேனானில் 10–18 ஐஎஸ், நிக்கானில் ஏஎஃப்-பி 10–20 விஆர் வாங்குங்கள். இரண்டுமே 250 கிராமுக்குள். நிக்கானில் மட்டும், உங்கள் பாடி அந்த லென்ஸை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 55இல் குவிந்திருந்தால் தூரத்துக்கு ஏங்குகிறவர். கிருஷ்ணகிரி மேலிருந்து ராஜகிரியின் மதில்களை அருகே இழுக்க, வேங்கடரமணர் கோயில் கோபுரத்துச் சிற்பங்களைத் தனித்தனியாக எடுக்க, 55–250 போன்ற லென்ஸ் வேண்டும். 18இலிருந்து 300 வரை ஒரே லென்ஸில் என்று விற்பதில் கனமும் கூடும், தூர முனையில் வெளிச்சமும் தெளிவும் குறையும். மாற்றவே சோம்பல்படுகிறவர்கள் கேனான் 18–135 அல்லது நிக்கான் 18–140 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். இவற்றை மாட்டினால் எடை நான் சொன்ன வரம்பைத் தாண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இந்த மாதிரி இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும், டிரோனுக்கும் அப்படியே. அதனால் ஆரம்பத்திலேயே முக்காலிக்குப் பணம் போடாதீர்கள். கழுத்துப் பட்டையைக் குறுக்காகத் தோளில் மாட்டிப் பழகுங்கள். கோட்டையில் குரங்குகள் அதிகம்; பை திறந்திருந்தாலும் கையில் தின்பண்டம் இருந்தாலும் பாய்ந்து வரும். கேமராப் பையில் பிஸ்கட் பாக்கெட் வைக்கவே கூடாது.

நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. ஃபங்கஸ் என்று கடையில் சொல்வார்கள். பயணம் முடிந்து வந்ததும் தோல் பையில் போட்டு அலமாரிக்குள் பூட்டிவைத்தால், மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி அதற்குள் வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி போட வேண்டும். அரிசிப் பானைக்குள் வைப்பது வேண்டாம். மாவுத் தூசி உள்ளே போகும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள். லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சில தூசிப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. பிறகு அபர்ச்சரை எஃப்/16இல் வைத்து வானத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்துவிடலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். கோடோ கீறலோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது நிக்கானில் படத்தின் விவரத்திலேயே பதிந்திருக்கும். கேனானில் பெரும்பாலும் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்துத்தான் பார்க்க முடியும். டி3500இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. முப்பதாயிரத்துக்குள் இருப்பதைத் தேடினால் பல வருடம் கவலை இல்லை. கல்யாண வீட்டில் உழைத்த பாடியில் எண்ணிக்கை எகிறியிருக்கும். வெளிப்புறம் துடைத்துப் பளபளப்பாக இருந்தாலும் பிடிப்பு ரப்பர் தளர்ந்து உப்பியிருப்பது அதைக் காட்டிக்கொடுக்கும்.

செங்கல் சுவர் ஒன்றின் நேரே நின்று, படத்தின் நான்கு மூலையும் ஒரே தெளிவோடு வருகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் அந்த லென்ஸ் எங்கேயோ விழுந்திருக்கிறது. பேட்டரி கம்பெனியுடையதா, உப்பி இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். முதல் உரிமையாளரின் பில்லும் பாடியின் சீரியல் எண்ணும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். திருட்டுப் பொருள் உங்கள் கைக்கு வராமல் இருக்க அது ஒன்றே வழி. கடையில் வாங்கினால் குறைந்தது ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தை எடுக்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.